பழைய காரில் பெட்ரோலை மிச்சப்படுத்த: சிங்கப்பூர்ச் சாலைகளுக்கு ஒரு வழிகாட்டி

பழைய காரை வாங்கிய புதிதில் பலரும் முதலில் கைவைப்பது, பெட்ரோலையும் காற்றையும் கலந்து அனுப்பும் கார்புரேட்டரில். பெட்ரோல் அந்த வழியாகப் போவதால் கோளாறும் அங்கேதான் என்று நினைப்பது இயல்பு. ஆனால் மைலேஜ் கெட்டுப்போன கார்களில் காரணம் பெரும்பாலும் வேறிடத்தில் இருக்கும்: முழுதாக விலகாத பிரேக், தேய்ந்த பாயிண்ட் (தீப்பொறிக்கான மின்தொடர்பைத் திறந்து மூடும் முனை), கிழிந்த வேக்குவம் டயாஃப்ரம், யாரோ எப்போதோ கழற்றிப் போட்டுவிட்ட, எஞ்சின் சூட்டைச் சீராக வைக்கும் தெர்மோஸ்டாட். இவற்றை விட்டுவிட்டுக் கார்புரேட்டரைத் திருகினால் ஒரு கோளாறை இன்னொன்றால் மூடியதாகத்தான் ஆகும். ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்ற வேண்டாம். முதலில் அளவெடுப்பது, பிறகு சக்கரங்கள், அதன் பிறகு வால்வும் இக்னிஷனும் (தீப்பொறி அமைப்பும்), கடைசியில்தான் கார்புரேட்டர்.

எண்கள் பெரும்பாலும் மோரிஸ் மைனர், ஆஸ்டின் மினி ஆகியவற்றில் உள்ள ஏ-சீரீஸ் எஞ்சினையும் வோக்ஸ்வாகன் பீட்டிலையும் வைத்துச் சொல்லப்படுகின்றன. உங்கள் கார் வேறு என்றால் அதன் வொர்க்‌ஷாப் கையேட்டில் உள்ள எண்ணே சரி.

முதலில் அளவெடுங்கள்

"தொட்டி சீக்கிரம் காலியாகிறது" என்பதை வைத்துக்கொண்டு எதையும் சரிசெய்ய முடியாது. ஓர் எண் வேண்டும். ஒரு பெட்ரோல் நிலையத்தைத் தேர்ந்துகொண்டு ஒவ்வொரு முறையும் அங்கேயே, முடிந்தால் அதே பம்பில், கார் அதே திசையில் நிற்கும்படி நிரப்புங்கள். பம்பில் உதவும் ஊழியரிடம் முதல் கிளிக் சத்தத்தில் நிறுத்தச் சொல்லுங்கள். அதற்கு மேல் விளிம்புவரை ஊற்றினால், நிலத்தடித் தொட்டியிலிருந்து சற்றுக் குளிர்ச்சியாக வரும் பெட்ரோல் வெயிலில் விரிந்து மூடி வழியாகவோ வழிகுழாய் வழியாகவோ வெளியே போகும். காசும் போகும், கணக்கும் கெடும்.

ஓடிய தூரத்தைக் காரின் மீட்டரை மட்டும் நம்பி எழுதாதீர்கள். டயர் அளவு மாறியிருந்தால் மீட்டர் பொய் சொல்லும். தீவு விரைவுச்சாலை 40 கிலோமீட்டருக்கு மேல் நீள்கிறது. அதில் 20 கிலோமீட்டர் ஓட்டி, கைப்பேசியின் ஜிபிஎஸ் காட்டும் தூரத்தோடு ஒப்பிட்டுத் திருத்த எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். மீட்டர் மைலில் இருந்தால் 1.609-ஆல் பெருக்க வேண்டும்.

கணக்கு எளிது. 212 கிலோமீட்டருக்கு 19.6 லிட்டர் பிடித்தால், 212-ஐ 19.6-ஆல் வகுக்க லிட்டருக்கு 10.8 கிலோமீட்டர். 100 கிலோமீட்டருக்கு 9.2 லிட்டர். பழைய பிரிட்டிஷ் கையேடுகள் கேலனுக்கு இத்தனை மைல் என்றுதான் சொல்லும். அது 4.546 லிட்டர் கொண்ட இம்பீரியல் கேலன். அந்த எண்ணை 0.354-ஆல் பெருக்கினால் லிட்டருக்குக் கிலோமீட்டர் கிடைக்கும். அமெரிக்கக் கையேடு என்றால் கேலன் சிறியது, 3.785 லிட்டர்தான். அதற்கு 0.425-ஆல் பெருக்குங்கள். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு, நல்ல காரைப் பழுது என்று நினைத்துப் பட்டறைக்குக் கொண்டுபோகிறவர்கள் உண்டு.

ஒரு நிரப்பலை வைத்து முடிவெடுக்கக் கூடாது. மூன்று நிரப்பல்களின் சராசரியை எடுங்கள். கிளாசிக் வாகனத் திட்டத்தின்கீழ் 35 வயதுக்கு மேற்பட்ட கார்களை ஆண்டுக்கு 45 நாள் மட்டுமே ஓட்டலாம் என்பதால், சிலர் இந்த மூன்று நிரப்பல்களையும் பல மாதங்களுக்கு இழுத்துவிடுகிறார்கள். இடையில் ஆவியாகிப் போவதும் கணக்கில் சேர்ந்துவிடும். அனுமதி நாள்களில் சிலவற்றை அடுத்தடுத்த வாரங்களில் இதற்கென்றே ஒதுக்குங்கள். ஒரு பழுதைச் சரிசெய்த பிறகு மீண்டும் அளந்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போக வேண்டும். ஒரே நாளில் நான்கை மாற்றினால் எது பலன் தந்தது என்று கடைசிவரை தெரியாது.

சக்கரம் தாராளமாகச் சுழல்கிறதா?

எஞ்சினைத் தொடுவதற்கு முன் இதைப் பாருங்கள். சமதளத்தில், ஸ்டாண்டின் மீது மட்டும் காரை நிறுத்தி (ஜாக்கை நம்பி வேலை செய்யாதீர்கள்), கியரை நியூட்ரலில் வைத்து ஒவ்வொரு சக்கரத்தையும் கையால் சுழற்றுங்கள். டிரம் பிரேக்கில் லேசான உரசல் சத்தம் வரலாம். ஆனால் சக்கரம் உடனே நின்றுவிடக் கூடாது. பிறகு பிரேக்கை ஒருமுறை நன்றாக மிதித்து விடுவித்து மீண்டும் சுழற்றுங்கள். முன்பு சுழன்றது இப்போது இறுகி, சில விநாடி கழித்தே இளகினால் பிரேக்கின் ரப்பர் ஹோஸ் உள்ளே வீங்கியிருக்கிறது. எண்ணெய் போகும், திரும்பி வராது. வெளியே பார்த்தால் ஹோஸ் புதிது போலவே இருக்கும். வயது தெரியாத ஹோஸ் என்றால் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். இது மைலேஜை விடப் பெரிய விஷயம்.

இன்னொரு சோதனை: விரைவுச்சாலையில் பத்துக் கிலோமீட்டர் ஓட்டி, முடிந்தவரை பிரேக் போடாமல் ஓரிடத்தில் நிறுத்துங்கள். இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் நான்கு டிரம்மையும் அளந்தால், இழுக்கும் சக்கரம் மற்ற மூன்றையும் விடத் தெளிவாகச் சூடாக இருக்கும். பின்சக்கரம் என்றால் ஹேண்ட்பிரேக் கேபிளைச் சந்தேகியுங்கள். வாரக்கணக்கில் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்திய கார்களில் நம் ஊர் ஈரப்பதத்தில் கேபிள் உறைக்குள் துருப்பிடித்துத் திரும்பாமல் நின்றுவிடும். நீண்ட நாள் நிறுத்தும்போது கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, ஹேண்ட்பிரேக்கை விடுவித்து வையுங்கள்.

டயர் காற்றை மாதம் ஒருமுறை, கார் ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். பீட்டிலுக்கு முன்னே குறைவாகவும் பின்னே அதிகமாகவும் காற்று வேண்டும். எல்லாவற்றிலும் 32 பிஎஸ்ஐ அடித்து அனுப்பும் பழக்கத்துக்கு இடம்கொடுக்காதீர்கள். அலைன்மென்ட் செய்யும் கடையில் எண்ணை நீங்களே சொல்லுங்கள். மோரிஸ் மைனருக்கு முன்சக்கரங்கள் 2.4 மில்லிமீட்டர் உள்நோக்கியும், மினிக்கு 1.6 மில்லிமீட்டர் வெளிநோக்கியும் இருக்க வேண்டும். கடைக்காரரின் கணினியில் இந்தக் கார்கள் இல்லாமல் இருக்கலாம்.

வால்வு இடைவெளி

எஞ்சின் முற்றிலும் குளிர்ந்திருக்கும்போது: ஏ-சீரீஸ் 0.30 மில்லிமீட்டர். 1300, 1500, 1600 சிசி பீட்டில் 0.15 மில்லிமீட்டர். இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் லேசாகப் பிடித்து நழுவ வேண்டும். ஒரே வால்வின் இடைவெளி ஒவ்வொரு முறையும் குறைந்துகொண்டே வந்தால் அதைக் குறித்து வையுங்கள். சிங்கப்பூரில் ஈயம் கலந்த பெட்ரோல் 1998-இல் நின்றுவிட்டது. ஈயத்தை நம்பி வடிவமைத்த பழைய வார்ப்பிரும்பு ஹெட்டுகளில் (வால்வுகள் அமர்ந்திருக்கும் எஞ்சின் மேற்பகுதியில்) எக்ஸாஸ்ட் வால்வின் இருக்கை மெல்ல மெல்லக் குழிந்து போகும். வால்வு மேலேறும், இடைவெளி குறையும், ஒரு கட்டத்தில் வால்வு மூடாமல் கம்ப்ரெஷன் கசியும். ஹெட்டைக் கழற்ற நேரும்போது கடினப்படுத்திய இருக்கைகளைப் போட்டுவிடுவதே நிரந்தரத் தீர்வு. அதுவரை ஈயத்துக்கு மாற்றாக விற்கும் சேர்மத்தை அளவாகக் கலக்கலாம். அதிக வேகத்தில் நெடுந்தூரம் ஓட்டாமல் இருப்பதும் உதவும்.

இக்னிஷன்: பலன் அதிகம் கிடைக்கும் இடம்

பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பகிர்ந்தளிக்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து பாயிண்டைப் பாருங்கள். ஒரு பக்கம் குழி, மறுபக்கம் மேடு என்றால் அரத்தால் தேய்த்துக்கொண்டிருக்காமல் புதிதாகப் போடுங்கள். ஏ-சீரீஸின் லூகாஸ் டிஸ்ட்ரிபியூட்டரில் இடைவெளி 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர், பீட்டிலின் பாஷில் 0.40 மில்லிமீட்டர். டைமிங்கை, அதாவது தீப்பொறி விழும் நேரத்தை, எப்போதும் பாயிண்டுக்குப் பிறகு வையுங்கள், ஏனென்றால் பாயிண்ட் இடைவெளி மாறினால் டைமிங்கும் மாறும். ஏ-சீரீஸுக்குப் பிளக் இடைவெளி 0.64 மில்லிமீட்டர்.

அடுத்து வேக்குவம் அட்வான்ஸ். சீராக, லேசாக மிதித்து ஓட்டும்போது சிலிண்டருக்குள் போகும் கலவை குறைவு, அது எரிந்து முடிய நேரமெடுக்கும். அதற்காகத் தீப்பொறியை இன்னும் முன்கூட்டியே கொடுப்பதுதான் இந்தச் சின்ன டயாஃப்ரத்தின் வேலை. அது கிழிந்துவிட்டால் கார் நன்றாகவே ஸ்டார்ட் ஆகும், பிக்கப்பிலும் பெரிய குறை தெரியாது. விரைவுச்சாலையில் மட்டும் பெட்ரோல் கரையும். அதனால்தான் ஆண்டுக்கணக்கில் யார் கண்ணிலும் படாமல் போகிறது. சோதிக்கக் கருவி வேண்டாம். கார்புரேட்டர் பக்கம் குழாயைக் கழற்றி, வாயால் உறிஞ்சி, நாக்கால் துளையை மூடுங்கள். டிஸ்ட்ரிபியூட்டருக்குள் பாயிண்ட் தட்டு சில பாகை சுழன்று அப்படியே நிற்க வேண்டும். நாக்கை எடுத்ததும் டக்கென்று திரும்ப வேண்டும். நகரவில்லை, அல்லது நகர்ந்து தானாகத் திரும்புகிறது என்றால் டயாஃப்ரம் போய்விட்டது.

டைமிங் லைட் இருந்தால் வேக்குவம் குழாயைக் கழற்றி அடைத்துவிட்டு மெல்ல ரேஸ் செய்து பாருங்கள். குறி சீராக நகர்ந்து முன்னேற வேண்டும். நகராமல் நின்றாலோ தாவினாலோ, வேகத்துக்கேற்பத் தீப்பொறியை முன்னேற்றும் உள்ளிருக்கும் எடைகள் கிரீஸ் காய்ந்து ஒட்டியிருக்கின்றன. கழற்றித் துடைத்து, இரண்டு சொட்டு எஞ்சின் ஆயில் போதும். பாயிண்டுக்குப் பதில் எலக்ட்ரானிக் யூனிட் போடுவது நல்ல முடிவுதான், ஆனால் அது இந்த எடைகளையும் டயாஃப்ரத்தையும் சரிசெய்யாது.

தெர்மோஸ்டாட்

"நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு" என்று கழற்றிவிடும் வழக்கம் இங்கே பரவலாக இருக்கிறது. தவறான வழக்கம். எஞ்சின் சூடேறாவிட்டால் உள்ளே போகும் பெட்ரோலில் ஒரு பகுதி ஆவியாகாமல் சுவரில் ஒட்டி எண்ணெயைக் கழுவிக்கொண்டு போகும். பெட்ரோலும் வீண், சிலிண்டரும் தேயும். ஏ-சீரீஸுக்கு வெப்ப நாடுகளுக்கென்றே 74 பாகையில் திறக்கும் தெர்மோஸ்டாட் இருக்கிறது. அதைப் போடுங்கள். அதைப் போட்ட பிறகும் கொதித்தால் ரேடியேட்டரில்தான் அடைப்பு.

இப்போது கார்புரேட்டர்

பழைய பிரிட்டிஷ் கார்களில் பரவலாக உள்ள எஸ்யூ வகைக் கார்புரேட்டரை எடுத்துக்கொள்வோம். எஞ்சினை நன்றாகச் சூடாக்குங்கள். முதல் வேலை சோக், அதாவது குளிர்ந்த எஞ்சினுக்குக் கலவையில் பெட்ரோலைக் கூட்டும் அமைப்பு. குமிழை முழுதும் உள்ளே தள்ளிவிட்டு, குனிந்து கார்புரேட்டரின் அடியில் பாருங்கள். ஜெட்டின் (பெட்ரோல் வரும் துளைக்குழாயின்) தலை, கலவையைத் திருத்தும் மிக்சர் நட்டோடு ஒட்டி நிற்க வேண்டும். கேபிள் இறுக்கத்தால் ஒரு மில்லிமீட்டர் தொங்கினாலும் கார் நாள் முழுக்கப் பாதி சோக்கில் ஓடுவதாக அர்த்தம். எக்ஸாஸ்ட் குழாயின் வாயில் விரலை விட்டால் கரி அப்பிக்கொள்ளும். காலையிலேயே 27, 28 பாகை இருக்கும் ஊரில் ஸ்டார்ட் ஆனபின் சோக் அரை நிமிடத்துக்கு மேல் தேவைப்படாது. தேவைப்பட்டால் கலவை லீனாக இருக்கிறது, அதாவது பெட்ரோல் குறைவு.

இரண்டாவது, பிஸ்டன். மேலே உள்ள டேம்பர் மூடியைத் திறந்து, காற்று வாய் வழியாகப் பிஸ்டனை விரலால் தூக்கி விடுங்கள். டக் என்ற உலோகச் சத்தத்தோடு விழ வேண்டும். சத்தம் வராமல் வழுக்கி இறங்கினால் ஜெட் நடுவில் இல்லை, ஊசி அதை உரசுகிறது. உரசி உரசித் துளை நீள்வட்டமான ஜெட்டில் எந்த அளவு வைத்தாலும் கலவை ரிச்சாகவே, அதாவது பெட்ரோல் கூடுதலாகவே இருக்கும். ஊசியும் ஜெட்டும் சேர்த்து மாற்றினால் பலன் உடனே தெரியும். பழைய ஊசியின் தண்டில் பொறித்த எழுத்துகளைக் கையேட்டோடு ஒப்பிடுங்கள். முன்பு வைத்திருந்தவர் வேகத்துக்காக ரிச்சான ஊசி போட்டிருக்கலாம். டேம்பருக்குள் மெல்லிய எஸ்ஏஇ 20 எண்ணெய் விடுங்கள். மூடி உட்கார ஆறு மில்லிமீட்டர் இருக்கையில் கைக்கு எதிர்ப்புத் தெரிந்தால் அளவு சரி.

மூன்றாவது, கலவை. பக்கத்தில் உள்ள தூக்கும் பின்னால் பிஸ்டனை 0.8 மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் உயர்த்துங்கள். எஞ்சின் வேகம் கூடிக் கூடியபடியே நின்றால் ரிச். உடனே தடுமாறி அணையப் பார்த்தால் லீன். ஒரு கணம் லேசாகக் கூடிப் பழைய நிலைக்கு வந்தால் சரி. ரிச் என்றால் அடியிலுள்ள நட்டை மேல்நோக்கியும், லீன் என்றால் கீழ்நோக்கியும் ஒரு முகம், அதாவது ஆறில் ஒரு சுற்று, மட்டும் திருப்பி ஒருமுறை ரேஸ் செய்துவிட்டு மீண்டும் சோதியுங்கள். எல்லாமே குழம்பிப்போயிருந்தால் ஜெட்டைக் கார்புரேட்டரின் காற்றுவழித் தளமான பாலத்தோடு சமமாக வைத்து, அங்கிருந்து பன்னிரண்டு முகம் இறக்கி ஆரம்பிக்கலாம்.

சேமிக்கிறோம் என்று வேண்டுமென்றே லீனாக வைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். எரிப்புச் சூடு ஏறி எக்ஸாஸ்ட் வால்வு கருகும். பீட்டிலில் இயல்பிலேயே சூடு கூடிய மூன்றாம் சிலிண்டர் முதலில் அடிவாங்கும். மிச்சமாகும் சில லிட்டருக்காக ஒரு ஹெட்டை இழப்பீர்கள். பிளக்கின் நிறம் வெளிர் பழுப்பாக இருக்கட்டும். கரி படிந்தால் ரிச், வெளுத்துப் பொரிந்தால் லீன், எண்ணெய் ஈரம் என்றால் அது ரிங் அல்லது வால்வு கைடின் பிரச்சினை.

எஸ்யூ எலக்ட்ரிக் பம்ப் உள்ள காரில் ஒரு வசதி உண்டு. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமல் சாவியை மட்டும் போட்டால் டிக் டிக் என்று அடித்து நின்றுவிட வேண்டும். நிற்காமல் விட்டுவிட்டு அடித்தால் பெட்ரோல் எங்கோ போகிறது, ஒன்று குழாயில் கசிவு அல்லது கார்புரேட்டர் கிண்ணத்துக்குப் பெட்ரோல் வருவதை நிறுத்தும் ஃப்ளோட் ஊசி மூடவில்லை. அடுக்குமாடி வாகன நிறுத்துமிடத்தில் பெட்ரோல் வாடை அடித்தால் அன்றைக்கே பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

92-ஆ, 95-ஆ, 98-ஆ?

2021 பிப்ரவரியிலிருந்து 98 ஆக்டேன் (நாக்கிங்கைத் தாங்கும் அளவு) ரகப் பெட்ரோலுக்கு லிட்டருக்கு 79 காசும், 92, 95-க்கு 66 காசும் தீர்வை. தேவையில்லாமல் 98 போட்டால் தீர்வையிலேயே 13 காசு கூடுதல், விலை வித்தியாசம் அதற்கும் மேல். கம்ப்ரெஷன் விகிதம் 7.5 அளவில் உள்ள பீட்டிலுக்கு 92 போதும். 8.5 உள்ள ஏ-சீரீஸுக்கு 95-ஐப் போட்டு, மேம்பாலத்தில் மூன்றாம் கியரில் மிதித்துப் பாருங்கள். கிணுகிணு என்று நாக்கிங் சத்தம் வராவிட்டால் அதுவே சரி. வந்தால் டைமிங்கைப் பின்னுக்குத் தள்ளாதீர்கள். அப்படித் தள்ளினால் ஒவ்வொரு கிலோமீட்டரிலும் இழப்பு. 98-க்கு மாறுவதே மலிவு.

ஓட்டும் விதம்

விரைவுச்சாலை வரம்பு 80, 90 என்றிருந்தாலும் பழைய காரை இடது தடத்தில் 70-இல் ஓட்டுங்கள். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 70-ஐ விட 90-இல் தடை 65 விழுக்காடு அதிகம், நிமிர்ந்த கண்ணாடி கொண்ட கார்களுக்கு அது பெரும் சுமை.

சிவப்பு விளக்கில் நிற்கும்போது ஆக்சிலரேட்டரை விளையாட்டாக மிதிக்காதீர்கள். பீட்டிலின் சோலெக்ஸ் கார்புரேட்டரிலும் வெபர் கார்புரேட்டரிலும் ஒவ்வொரு மிதிக்கும் ஆக்சிலரேட்டர் பம்ப் ஒரு பீய்ச்சு பெட்ரோலை உள்ளே அடிக்கும். எஸ்யூவில் அந்தப் பம்ப் கிடையாது.

ஒவ்வொரு விளக்கிலும் எஞ்சினை அணைப்பது, பேட்டரியைச் சார்ஜ் செய்யும் பழைய டைனமோ உள்ள காருக்கு ஒத்துவராது. ஐடிலில் டைனமோ சார்ஜ் செய்யாது, அடிக்கடி ஸ்டார்ட் செய்தால் பேட்டரி இறங்கிவிடும். ஆளுக்காகக் காத்திருக்கும்போது அணைத்துவிடுங்கள். போக்குவரத்துக் காரணமின்றி நின்றபடி எஞ்சினை ஓடவிடுவது இங்கே சட்டப்படி குற்றமும்கூட.

வழிகாட்டியாக ஒரு கருவி மட்டும் வாங்கலாம் என்றால் வேக்குவம் கேஜ் வாங்குங்கள். இன்டேக் மேனிஃபோல்டில் இணைத்தால், நல்ல எஞ்சின் ஐடிலில் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டும், முள் ஆடாது. ஓட்டும்போது முள் 10-க்குக் கீழே இறங்காமல் பார்த்துக்கொண்டாலே கால் தானாகப் பழகிவிடும். ஐடிலில் முள் துடித்தால் வால்வை மறுபடி பாருங்கள். "எரிபொருள் சேமிப்பான்" என்ற பெயரில் வரும் காந்தங்கள், குழாய்க்குள் சொருகும் சுழலிகள் எதுவும் தேவையில்லை.

ஜொகூர் போகும்போது

உட்லண்ட்ஸ், துவாஸ் சோதனைச்சாவடிகளைக் கடக்கச் சிங்கப்பூர்க் காரின் தொட்டி முக்கால் பங்கு நிறைந்திருக்க வேண்டும். அந்தப் பக்கம் வெளிநாட்டுப் பதிவெண் கொண்ட கார்களுக்கு 95 கிடையாது, 97 போட வேண்டும். பாலத்தில் நெடுநேரம் ஊர்ந்தால் எஞ்சின் அறைச் சூட்டில் ஃப்ளோட் கிண்ணத்துப் பெட்ரோல் கொதித்து எஞ்சினை நனைத்துவிடும். அணைத்த பிறகு ஸ்டார்ட் ஆகாவிட்டால் சோக்கைத் தொடாமல், பெடலை முழுதும் அழுத்தி அப்படியே பிடித்தபடி ஸ்டார்ட் செய்யுங்கள். பம்ப் செய்யக் கூடாது.

சாவடியில் பார்ப்பது பெட்ரோல் முள்ளைத்தான். பழைய ஸ்மித்ஸ் மீட்டர்களில் பெட்ரோல் முள்ளும் வெப்ப முள்ளும் சேர்ந்தே உயரமாகவோ தாழ்வாகவோ காட்டினால், இரண்டுக்கும் 10 வோல்ட் கொடுக்கும் ஸ்டெபிலைசர் பழுது. பெட்ரோல் முள் மட்டும் தவறினால் தொட்டியில் உள்ள மிதவை. பயணத்துக்கு முன்பே, தொட்டி கிட்டத்தட்டக் காலியாக இருக்கும் ஒரு நாளில் ஐந்து ஐந்து லிட்டராக நிரப்பி, முள் நிற்கும் இடத்தை ஒவ்வொரு முறையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.